மூத்த மாப்பிள்ளை கொடுத்த டயர்

அந்த டயரைக் கீழ வைங்க தம்பி. ஆமா, உங்களைத்தான் சொல்றேன். நீங்க கடைக்காரரோட பேசிட்டிருந்தது காதுல விழுந்துச்சு, தப்பா நெனைக்காதீங்க. தெனமும் ஆபீஸ் போற வண்டி, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரேஸ் டிராக்குல ஓட்டோணும்னு ஆசை, அதுக்கு எந்த டயர் போடலாம்னு கேட்டீங்க. அவன் என்னடான்னா கடையில இருக்கறதுலயே வெலை எச்சா இருக்கறதை உங்க கையில குடுத்துட்டு உள்ள போயிட்டான். அவனுக்கு யாவாரம். நீங்க வந்து இப்பிடி உக்காருங்க. என்ற வண்டிக்கு அலைன்மென்டும் பேலன்சிங்கும் பாத்துட்டிருக்கறாங்க, எப்பிடியும் நேரமாகும்.

அது டிராக் டயருங்க. மேல பாருங்க, கோடு எங்கயாச்சும் இருக்குதா? பேருக்கு நாலு கீறல் போட்டு உட்டிருக்கறான். காஞ்ச ரோட்டுல, நல்லா சூடேறுன பொறவு, அது பிடிக்கற பிடிப்பு இருக்குதே, அந்த சொகமே வேற. வளைவுல வண்டியை அப்பிடியே ரோட்டோட ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும். ஆனா காலைல எந்திரிச்சு ஆபீஸ் போறீங்களே, அப்ப அதுக்கு எங்க சூடேறும்? சூடேறலைன்னா அது வெறும் கட்டை. மழை பேஞ்சா கேக்கவே வேண்டாம். தண்ணி வெளிய போறதுக்குக் கோடு வேணுமில்லீங்க? கோடில்லைன்னா டயரு தண்ணி மேல ஏறி உக்காந்துக்கும். அப்பறம் ஸ்டீயரிங்கை இந்தப்பக்கம் திருப்புனாலும் அந்தப்பக்கம் திருப்புனாலும் வண்டி அது போற பக்கம்தான் போகும். மழைக்காலத்துல அதை மாட்டிக்கிட்டு ரோட்டுல போறவன், ஒண்ணு ஒண்ணுந் தெரியாதவனா இருக்கோணும், இல்லைன்னா சாகறதுக்குத் துணிஞ்சவனா இருக்கோணும்.

உங்களுக்கு வேண்டியது நடுவாந்தரமா ஒண்ணு. டயரோட பக்கவாட்டுல டிரெட்வேர்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், ரொம்பக் கம்மியா இருந்தா ரப்பர் மெத்துனு இருக்குது, சீக்கிரம் தேஞ்சுரும்னு அர்த்தம். அது வேண்டாம். கொஞ்சம் மேல போங்க. நடுவுல அகலமா ரெண்டு மூணு கோடு ஓடோணும். ஓரச்சுவர் கெட்டியா இருக்கோணும். அந்த மாதிரி போட்டுட்டு டிராக்குக்குப் போங்க, ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது. நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். காத்து மட்டும் போறப்பக் கொறைச்சுக்குங்க, ஓட்ட ஓட்ட சூட்டுல தானா ஏறிக்கும். திரும்பி வர்றப்ப மறக்காம அளவுக்குப் புடிச்சுக்குங்க.

எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்களா? கணபதியில பவுண்டரி வெச்சிருக்கறனுங்க. பம்புக்கு வார்ப்பு ஊத்திக் குடுக்கறது. ஆனா மனசெல்லாம் வண்டிதான். டிராக்குக்குன்னே ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரு தனியா வெச்சிருந்தேன். அங்க என்னைத் தெரியாத ஆளே கெடையாது. டயருன்னா எங்கிட்டத்தான் வந்து கேப்பாங்க. அப்பிடிப்பட்டவனை இன்னிக்கு என்ற ஊட்டுலயே ஒருத்தரும் மதிக்கறதில்லை. ஒரே ஒரு செட்டு டயரு குடுத்ததுக்கு. சும்மா குடுத்ததுக்குங்க! காசு வாங்காம!

எனக்கு ஒரு சகலை இருக்கறான். நவநீதன்னு பேரு. என்ற சம்சாரம் கோகிலாவோட தங்கச்சி தாரணியைக் கட்டுனவன். பாலிடெக்னிக்குல லேப் வாத்தியார். வாத்தியார்னா பாடம் நடத்தறவனில்லீங்க, மெஷினைக் காட்டி இது லேத்து, இது டிரில்லுன்னு சொல்றவன். ஆளு பரவாயில்லை, அடக்கமா இருப்பான். அந்த அடக்கம்தான் எனக்குப் புடிக்காது. என்னைக் கண்டா எந்திரிச்சு நின்னு 'வாங்ணா'ம்பான். நெஜமாலுமே மரியாதையா, இல்லை நடிப்பான்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபுடிக்க முடியலை.

அவன்கிட்டயும் அதே ஹேட்ச்பேக்தான். அதே மாடல், கலருதான் வேற. என்னதான் இருந்தாலும் சகலையாச்சே, ஊரைப் பாக்கட்டுமேன்னு ஒரு ஞாயித்துக்கெழமை டிராக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் எப்பிடி ஓட்டறேன்னு ஓரமா நின்னு பாக்கட்டும்னுதான் கூட்டிட்டுப் போனது. அங்க எவனோ ஒருத்தன், 'நீங்களும் ஒரு ரவுண்டு போங்க சார்'னு அவனை உசுப்பி உட்டுட்டான். போனான். ஊட்டுலிருந்து ஓட்டிட்டு வந்த அதே சாதா டயருல போனான். நான் டிராக் டயரு போட்டு ஓட்டுனதை விட வேகமா சுத்திட்டு வந்துட்டானுங்க.

ஒருக்கா நடக்கறதுதான். வெயில் இருக்குது, என்ற பிரேக்கு அன்னிக்கு சரியில்லை, எத்தனையோ காரணம் இருக்குது. நானும் சிரிச்சுக்கிட்டே முதுகுல தட்டிக் குடுத்தேன். அவன் அதைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. பேசாம இருந்தான் பாருங்க, அதுதான் திமிரு. தாரணிதான் அவங்கப்பா ஊட்டுல போயி உளறிட்டா.

மாமனார் ஊடு பொள்ளாச்சிக்கு அந்தப்பக்கம். தோப்பு, மாடு கட்டற தொண்டுபட்டின்னு நல்ல வசதி. அந்த ஊட்டுல நான்தான் மூத்த மாப்பிள்ளை. இலை போட்டா எனக்குத்தான் மொதல் இலை. எனக்கு வெச்ச பொறவுதான் மத்தவங்களுக்கு. இது நானாப் போட்ட சட்டமில்லீங்க, ஒறமுறைல இருக்கறது. அந்த வாரம் விருந்துக்குப் போயிருந்தோம். மாமியா நாட்டுக்கோழிக் கறியைக் கரண்டியில அள்ளி என்ற இலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஊத்த மாட்டேங்கறாங்க. என்னன்னு நிமிந்து பாக்கறேன், அவிங்க காது அந்தப்பக்கம் இருக்குது. மாமனாரு நவநீதனைப் பாத்து, 'ஏனுங் மாப்ளே, நம்ம பெரிய மாப்பிள்ளையவே முந்திட்டீங்களாமா?'ன்னு கேட்டுச் சிரிக்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. என்ற சம்சாரமும் சிரிக்கறா. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது? கறி ஆறிப்போச்சு.

அதை மனசுல வெச்சுக்கிட்டு நான் ஏதோ பண்ணுனேன்னு இப்பச் சொல்றாங்க. நான் அப்பிடிப்பட்ட ஆளா தம்பி? என்னைப் பாத்தா அப்பிடித் தெரியுதா? ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் மாமனார் ஊட்டுக்கு வருவாங்க. அன்னிக்கு நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? என்ற டிராக் வண்டியில இருந்த டயரு நாலையும் கழட்டி, பவுண்டரி வேன்ல போட்டு எடுத்துட்டுப் போயி, வாசல்ல வரிசையா நிக்க வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் மஞ்சளும் குங்குமமும் வெச்சு, 'மாப்ளே, நல்லா ஓட்டறவன் கையில நல்ல டயரு இருக்கோணும். இது உனக்கு என்ற பரிசு'ன்னு எல்லார் முன்னாடியும் குடுத்தேன். மாமனாருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. 'பெரிய மனசு'ன்னாரு.

புதுசான்னு கேக்காதீங்க. ரெண்டு சீசன் ஓடுன டயருதான். இந்த ரப்பரு சூடேறி ஆறி, சூடேறி ஆறி, போகப்போக இறுகிப்போகும். மேல பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருக்கும், உள்ள உசுரு இருக்காது. தூக்கிப் போடலாம்னுதான் வெச்சிருந்தேன். ஆனா பரிசுன்னா பரிசுதானுங்களே. குடுக்கற மனசைத்தானே பாக்கோணும்?

அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? குத்த வெச்சு உக்காந்து, கட்டைவெரல் நகத்தை டயருல வெச்சு அழுத்திப் பாத்தான். எல்லார் முன்னாடியும்! அழுத்திப் பாத்துட்டு, ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு, மெதுவா எந்திரிச்சு, 'ரொம்ப சந்தோசமுங்ணா. டிராக்குக்கு வர்றப்ப மாட்டிக்கறேனுங்க'ன்னான். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

ஏப்பா! அந்த முன்னாடி சக்கரத்தைப் பாத்துக் கழட்டு, அலாய்ல கீறல் விழுந்தா உன்னைத்தான் கேப்பேன்!

இப்பத்த பசங்களுக்கு எதுலயும் ஒரு பதவிசு இல்லீங்க. எங்க உட்டேன்? ஆ, ஆயுத பூசை. எங்க மாமனாரு ஊட்டுல ஒரு பழக்கம். பொண்ணுகளோட வண்டி, மாப்பிள்ளைகளோட வண்டி எல்லாம் ஆயுத பூசைக்கு அங்க வந்தாகோணும். டிராக்டரு, கார், மொபெட்டு, எல்லாத்தையும் கழுவி வாசல்ல நிறுத்திப் பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குவாங்க. நான்தான் மொதல்ல வண்டி எடுப்பேன். எடுத்துட்டு எறங்கி வந்து பாக்கறேன். அவன் வண்டியில சாதா டயருதான் நிக்குது. நான் குடுத்ததைக் காணோம்.

'எங்கடா மாப்ளே நம்ம டயரு?'ன்னு கேட்டேன். 'ஊட்டுல மேல வெச்சு, துணி போட்டு மூடியிருக்கறேனுங்ணா. மழைக்காலம் போகட்டும்னு பாத்தேன். நெம்ப இறுகிப் போயிருக்குதுங்க, ரோட்டுக்கு ஆகாது'ன்னான். மொள்ளமாத்தான் சொன்னான். ஆனா மாமனாரு காதுல விழற மாதிரி சொன்னான். அப்ப நான் குடுத்தது குப்பைன்னுதானே அர்த்தம்?

சாமி கும்பிட்டு முடிச்சு இலை போட்டாங்க. உக்காந்தேன். சோத்தைப் போட்டாங்க. கையை நனைக்காம எந்திரிச்சு வந்து வண்டியில ஏறிட்டேன். மூத்த மாப்பிள்ளை போட்ட இலையை உட்டுட்டு எந்திரிச்சா அந்த ஊட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம்னு உங்களுக்குத் தெரியும். மாமியா பின்னாடியே ஓடி வந்து காரு கதவைப் புடிச்சுக்கிட்டு அழுகறாங்க. மாமனாரு சட்டை கூடப் போடாம வாசலுக்கு வந்துட்டாரு. என்ற சம்சாரம் அப்பிடியே நிக்கறா. 'குடுத்ததை மதிக்காத ஊட்டுல நான் எப்பிடி சாப்பிடறது?'ன்னு கேட்டேன். கேட்டதுல என்ன தப்பு?

மாமனாரு அவனைப் பாத்து, 'மாப்ளே, நாலு டயருல என்ன இருக்குது? தீபாவளிக்கு வர்றப்ப மாட்டிட்டு வந்துருங்க. எனக்காக'ன்னாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். தாரணிதான் கிட்ட வந்து, 'மாமா, அவரு பயப்படறாருங்க. மழையில வேண்டாமே. பொங்கலுக்கு மாட்டிட்டு வர்றோமே'ன்னு கெஞ்சுனா. 'பயப்படறவன் எதுக்கு டிராக்குக்கு வந்தான்? அன்னிக்கு என்னை முந்தறப்ப அந்த பயம் எங்க போச்சு?'ன்னு கேட்டேன். அவன்தான், 'சரிங்ணா, மாட்டிட்டு வர்றேனுங்க'ன்னான். அப்பறம்தான் நான் எறங்கி வந்து சாப்பிட்டேன். அன்னிக்கு சாம்பாரு நல்லா இருந்துச்சு.

தீபாவளிக்கு விடியறதுக்கு முன்னாடியே புடிச்ச மழைங்க. நாங்க முந்துன நாளே மாமனார் ஊட்டுக்குப் போயிட்டோம். தாரணியும் ஆத்தாளுக்கு ஒத்தாசையா முன்னாடியே வந்துட்டா. அவன் மட்டும் காலைல பொறப்பட்டு வர்றதா இருந்துச்சு. நான் போன் பண்ணி, 'மாட்டியாச்சா மாப்ளே?'ன்னு கேட்டேன். 'மாட்டிட்டேனுங்ணா. மழை நெம்ப ஊத்துது. நான் பஸ்ஸுல வந்துரட்டுங்களா?'ன்னு கேக்கறான். எப்பிடி இருக்குது பாருங்க கதை! பஸ்ஸுல வந்தா டயரு மாட்டுனது யாருக்குத் தெரியும்? 'வண்டியிலயே வா. மெதுவா வா'ன்னு சொன்னேன். மெதுவா வான்னு சொன்னேன் தம்பி. அதை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. போன் பண்ணுனான், வரச்சொன்னான்னு மட்டும் சொல்றாங்க.

மெதுவாத்தான் வந்திருக்கறான். பின்னாடி பால் வண்டியில வந்தவங்க சொன்னாங்க. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்துல ஒரு திருப்பம், அங்க ரோட்டுல தண்ணி நின்னிருக்குது. வண்டி திரும்பவே இல்லையாம். ஸ்டீயரிங்கைத் திருப்பறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுதாம், வண்டி மட்டும் நேரா போச்சாம். போயி புளியமரத்துல முட்டிருச்சு. முன்பக்கம் நசுங்கி உள்ள வந்துருச்சு. வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் அழுகறாங்க. நானுந்தான் அழுதேன். என்னைக் கல்லுன்னு நெனைக்காதீங்க. இலை போட்டபடிக்கு ஊட்டுல கெடக்குது, ஒருத்தரும் சாப்பிடலை. நாலு நாள் கழிச்சு அவனை வார்டுக்கு மாத்துனாங்க. நான் போயி கட்டல்கிட்ட நின்னேன். கண்ணைத் தொறந்து பாத்தான். தாரணியைத் தேடலை. அவனைப் பெத்த அம்மா நின்னாங்க, அவிங்களையும் பாக்கலை. என்னைப் பாத்து எந்திரிக்கப் பாத்தான். முடியலை. 'உங்க டயரைத்தான் மாட்டிட்டு வந்தேனுங்ணா'ன்னான்.

எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க. அவன் மேல இருந்த கோவமெல்லாம் அப்பவே போயிருச்சு. மரியாதைன்னா அது. இத்தனை நாளா நடிக்கறானோன்னு சந்தேகப்பட்டேனே, அவன் நடிக்கலை. அவன் தலையைத் தடவிக் குடுத்து, 'அது போதும்டா மாப்ளே'ன்னேன். எதுக்கோ தாரணி அந்த நிமிசம் ஓன்னு கத்திக்கிட்டு வெளிய ஓடுனா. பொம்பளைகளுக்கு எது எதுக்கு அழுகோணும்னு தெரியறதில்லை.

ஒரு வகையில பாத்தா அவனுக்கு நல்லதுதான். இனி டிராக்கு கீக்குன்னு போக மாட்டான். லேப்புல உக்காந்துக்கிட்டு மெஷினைக் காட்டலாம். அதுக்குக் காலு எதுக்கு?

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட இவ்வளவு பேச வேண்டியதே இல்லை. இன்சூரன்சுல இருந்து ஒருத்தரு வண்டியைப் பாக்க வந்தாரு. ஒர்க்‌ஷாப்புல கெடந்துச்சு வண்டி. நவநீதன் ஆஸ்பத்திரியில கெடக்கறான், பெரியவனா நான்தானே போய் நிக்கோணும்? மாமனாரு வந்தாரு, கோகிலாவும் வந்தா. அந்த ஆளு படிச்சவரு, ஆனா டயரைப் பத்தி ஒண்ணுமே தெரியலை. பின்சக்கரத்தைத் தட்டிப் பாத்துட்டு, 'நல்லாத்தானே இருக்குது, தேயவே இல்லையே'ங்கறாரு. எனக்குப் பொறுக்கலை. எங்க துறைங்க இது. ஒருத்தரு தப்பாச் சொல்றப்ப வாயை மூடிக்கிட்டு எப்பிடி நிக்கறது?

'சார், தேயலைன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்லை, இது டிராக் டயரு, கோடில்லாமயே பொறந்தது'னு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். உங்ககிட்ட இப்பச் சொன்னேனே, அதே மாதிரி. தண்ணி போறதுக்கு வழியில்லை, சூடேறாம பிடிக்காது, ரெண்டு சீசன் ஓடுன ரப்பரு செத்துப்போச்சு, இதைப் போட்டுக்கிட்டு மழையில எவன் வந்தாலும் அந்தத் திருப்பத்துல திரும்ப முடியாது, இவன் ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லைன்னேன். அவனுக்கு ஆதரவாத்தான் பேசுனேன்! அந்த ஆளு வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டாரு. 'இவ்வளவு நுணுக்கமா யாருமே சொன்னதில்லை சார்'னாரு. ரோட்டுக்கு ஆகாத டயருன்னு கிளெயிமைத் தள்ளிட்டாங்க, அது வேற விசயம்.

திரும்பிப் பாக்கறேன், கோகிலா எனக்குப் பின்னாடி நிக்கறா. மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. 'இதெல்லாம் உங்களுக்குக் குடுக்கறப்பவே தெரியுமா?'ன்னு கேட்டா.

பாருங்க தம்பி. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என்கூடயே இருக்கறவ. எனக்கு டயரைப் பத்தித் தெரியுமான்னு கேக்கறா. அதுவும் ஒரு வெளியாள் முன்னாடி, அவங்கப்பன் முன்னாடி. எனக்கு ரோசம் வந்துருச்சு. 'தெரியாம? ஆடிக்கு மஞ்சள் வெக்கறப்பவே தெரியும். போன்ல பேசறப்பவும் தெரியும். இந்தக் கோயமுத்தூர்லயே என்னை விட இதைத் தெரிஞ்சவன் எவன் இருக்கறான்?'னு கேட்டேன்.

மாமனாரு அங்கயே ஒரு பழைய டயரு மேல உக்காந்துட்டாரு. கோகிலா அப்பிடியே வெளிய நடந்தா. அன்னிக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போனவதான், இன்னும் திரும்பி வரலை. போன் பண்ணுனா எடுக்கறதில்லை. தெரிஞ்சதைத் தெரியும்னு சொன்னதுக்குக் கட்டுன பொண்டாட்டி ஊட்டை உட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்க தம்பி.